அக்கா மலை தாண்டிப் போன வருஷம்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காலை வெயிலுக்காகக் காத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இளசுகளுக்கு வேண்டாம். "அந்தக் காலத்துல ஏன் அப்படி இருந்தீங்க?" என்று ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்கள். எனக்குப் படிப்பு கொஞ்சம், வாசிப்பு அதிகம். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நோர்வூட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்துக் கணவாயில் பஸ் ஓரங்கட்டி நின்றது. முன்னால் ஒரு கூட்டம் வெள்ளைக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக, தலையில் ஆளுக்கொரு கலர்த் தொப்பி, தொடையோடு ஒட்டிய காற்சட்டை, சைக்கிளில் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். என் வயதில் ஒருத்தி, நரைத்த தலை, சிவந்த முகம், மலையைப் பார்த்துச் சிரித்தபடி தண்ணீர் குடித்தாள். அவர்களைக் கூட்டிவந்த நம்மவர் எங்கள் கண்டக்டரிடம் சொன்னார்: "இது சின்ன மல தான் அண்ணே. சும்மா ஏறி எறங்குறதுக்கு. வயசானவங்களுக்கெல்லாம் இதத்தான் காட்டுவோம்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. சின்ன மலையாம்! இறங்கிப் போய் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்கலாமா என்று இருந்தது. பஸ் எடுத்துவிட்டான். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பார்க்கப்போனால் அது சின்ன மலைதான். இரண்டு மேடுகள் தோள் சாய்ந்து நடுவில் ஒரு தாழ்வு. இந்தப் பக்கம் எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். அந்தப் பக்கம் டவுன், பெரிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி.

தாண்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று தார் ரோடு. வளைந்து வளைந்து, ஒவ்வொரு முடக்கிலும் இன்னொரு முடக்கைக் காட்டி ஏமாற்றிக்கொண்டே மேலே போகும். மற்றது குறுக்கு. தேயிலைக்குள் செங்குத்தாக ஏறி, பெரிய பாறையின் அடியை ஒட்டிப் போய், உச்சியில் ரோட்டைத் தொடும். குறுக்கில் போனால் நேரம் மிச்சம். அட்டை கடிக்கும், பனி நனைக்கும், மழை பெய்தால் மண் வழுக்கும். அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. நடக்கிற கால் நம்முடையது, அதற்கென்ன.

எங்கள் லயத்தில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் பெண் அக்கா. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க மலை தாண்டவேண்டும். ஆண்பிள்ளைகள் இரண்டொருவர் தாண்டினார்கள். பெண்களுக்கு அந்த வயதில் கொழுந்துக் கூடைதான். அக்காவை அப்பா அனுப்பினார். அப்பா கவ்வாத்துக் கங்காணி, தேயிலைச் செடி வெட்டும் ஆண்களுக்கு மேலாள். அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. "எம்மக டீச்சராகி இந்தத் தோட்டத்துக்கே வரும், பாருங்க" என்று பெரட்டுக்களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போதே எல்லோர் காதிலும் விழச் சொல்வார். ஓ எல் பரீட்சை பாஸ் பண்ணினால் டீச்சர் வேலைக்கு மனுப்போடலாம். அந்த வருஷக் கடைசியில் அக்காவுக்குப் பரீட்சை. எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

அந்த வருஷம்தான் சைக்கிளும் வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொழும்பில் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது தன் சைக்கிளை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். கறுப்பு, உயரமான ஆம்பளைச் சைக்கிள். பின்னால் கேரியர், முன்னால் டைனமோ லைட்டு, பித்தளை மூடி போட்ட மணி. அந்த மணியை நான் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். முகம் பார்க்கலாம், மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். அப்பாவுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார். "எனக்கு எதுக்கு? என் காலு இரும்பு" என்பார்.

அக்கா தானாகவே கற்றுக்கொண்டாள். முதலில் குரங்குப் பெடல், பாருக்கு அடியில் காலை விட்டு அரை மிதி மிதித்தபடி, தொழிற்சாலைக்குப் போகிற சமனான ரோட்டில். விழுந்து எழுந்து முழங்கையெல்லாம் கன்றிப்போனது. நான் பின்னால் ஓடிக் கேரியரைப் பிடிப்பேன். "புடிச்சிருக்கியாடி?" என்பாள். "புடிச்சிருக்கேன்" என்பேன், எப்போதோ விட்டிருப்பேன். பிறகு பாருக்கு மேல் காலைப் போட்டு ஏறிவிட்டாள். சட்டென்று உயரமாகிவிட்டாள். வெள்ளைக் கவுனை ஊக்கு குத்திச் சுருக்கிக்கொண்டு, இரட்டைச் சடை பின்னால் ஆட, அவள் தொழிற்சாலை முடக்கில் திரும்பி வந்த அழகு இருக்கிறதே, அதற்குப் பிறகு நான் எத்தனையோ பார்த்துவிட்டேன், அதற்கு ஈடாக ஒன்றையும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிளில் போக ஆரம்பித்தாள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவாள். சனிக்கிழமை வகுப்புக்கு என்னையும் கூட்டிப்போவாள். நான் பின்னால் நின்று தள்ளவேண்டும், அதுதான் கூலி. பைன் மரத்தடியில் ரொட்டியும் சம்பலும் தின்போம். உச்சிக்கு வந்ததும் ஒரு வேலை செய்வாள். ரோட்டோரத்தில் கிடக்கும் தழைக்கொம்பு ஒன்றை இழுத்துவந்து கேரியருக்குப் பின்னால் கயிற்றால் கட்டுவாள். இறக்கத்தில் அது ரோட்டை உரசிக்கொண்டு வரும், சைக்கிள் பாய்ந்து போகாது. விறகு ஏற்றி வரும் ஆட்களிடம் பார்த்துப் படித்தது அது. நான் கேரியரில் ஏறி அவள் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். இலை உரசும் சத்தம் பின்னால், மணிச்சத்தம் முன்னால், காதுக்குள் காற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூடுபனி விலகினால் கீழே டவுன் தெரியும். "அந்தா பாரு, என் பரீட்ச மண்டபம்" என்பாள். எல்லாத் தகரக்கூரையும் எனக்கு ஒன்று போலத்தான் இருந்தது. "ஆமாக்கா" என்பேன்.

இதைப் பொறுப்பார்களா ஊரார்? வயதுக்கு வந்த பெண் காலைப் போட்டுச் சைக்கிள் ஏறுகிறாள் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரே பேச்சு. தோட்டத் தலைவர், தொழிற்சங்கத்து ஆள், ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னா கங்காணி, கொமரிப் புள்ளய இப்பிடி உருட்டி விட்டிருக்கீங்க? நாளைக்கு யாரு கட்டுவா? நம்ம சனம் சிரிக்குது" என்றார். அப்பா முகம் கறுத்துவிட்டது. ஆயிரம் பேரை அதட்டுகிற மனிதர், சனம் சிரிக்கிறது என்ற ஒரு சொல்லில் சுருண்டுபோனார். அன்று சாயந்தரமே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினைக் கழற்றி, அதை எங்கோ கொண்டுபோய் ஒளித்தார். சைக்கிள் வீட்டுப் பின்பக்கம் கிடந்தது.

அக்கா அழவில்லை. "பரீட்ச முடியிற வரைக்குமாச்சும் குடுங்கப்பா. குறுக்கால ஏறி இறங்கிப் போயி ஒக்காந்தா கை நடுங்குது, எழுத முடியல" என்றாள்.

"நடந்து போன புள்ளைங்கல்லாம் பாஸ் பண்ணலியா? பேசாம போ. பரீட்ச முடியட்டும், பாக்கலாம்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். ஊதத் தேவையில்லாத நெருப்பு அது.

இனி பாறையைச் சொல்லவேண்டும். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச்சாமி கும்பிடுவது நமக்குத் தெரிந்ததுதானே. கத்திகளைக் கழுவிப் பொட்டு வைத்து, பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, வெடி போட்டு, அப்புறம்தான் முதல் வெட்டு. ஆண்கள் காரியம். பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. எந்த மலைத் தேயிலையை வெட்டுகிறார்களோ அந்த மலையில் கும்பிடுவார்கள். அந்த வருஷம் முறை வந்தது பாறையடி மலைக்கு. சில வருஷங்களுக்கு ஒருதடவைதான் அதற்கு முறை வரும். போன முறை கும்பிட்டபோது பாறை வெறும் பாறையாக இருந்தது. இந்தத் தடவை அதன் நெற்றியில் ஒரு குளவிக்கூடு தொங்கியது. கொழுந்துக் கூடை அளவு இருக்கும். குறுக்கில் போகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு அதன் கீழே கடந்து போவோம். அது பாட்டுக்கு இருந்தது.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து பார்த்துவிட்டு ஆள் விட்டுக் கொளுத்திவிடலாம் என்றார். அப்பாதான் வேண்டாம் என்றார். "சாமி கும்பிடாம அந்த எடத்துல ஒரு எலயக்கூட தொடக்கூடாதுங்க ஐயா. கும்பிட்டுட்டு நாங்களே பாத்துக்கிறோம்." எல்லாக் கவ்வாத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். கண்டாக்கையா சாமி விஷயத்தில் வாயைக் கொடுக்காமல் போய்விட்டார். சாமிக்குச் சொந்தமான இடம் என்று கூட்டை விட்டுவைத்தார்கள், சாமி பெயரைச் சொல்லி அதே கூட்டுக்குக் கீழே அடுப்பு மூட்டினார்கள்.

சாமி கும்பிடுகிற நாளை அப்பாவே குறித்தார். அக்காவின் பரீட்சை தொடங்குகிற காலை. முதல் நாள் சாயந்தரம் அம்மா பீலிக்குப் போயிருந்தாள். அக்கா அடுப்படியில் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அப்பா வந்து குந்தினார். இவ்வளவு நாள் சைக்கிள் விஷயத்தில் முகம் கொடுக்காமல் இருந்தவர், குரலை இறக்கிப் பேசினார்.

"நாளைக்கு வெள்ளனே கெளம்பி குறுக்கால வா தாயி. பாறயடியில நிப்பேன். துந்நூறு வாங்கிப் பூசிக்கிட்டுப் போ."

"பொம்பளைங்க வரக்கூடாதேப்பா?"

"நான் கங்காணி, நான் சொல்றேன். வெளியில யாருகிட்டயும் மூச்சு விடாத. உனக்காகத்தான் நாளைக்கே வச்சிருக்கேன்."

அக்கா சிரித்தாள். செயின் கழற்றியதிலிருந்து அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் காலை அம்மா என்னைத் தேத்தண்ணிப் போத்தலோடு உச்சிவரை துணைக்கு அனுப்பினாள். குறுக்கில் ஏறினோம். புல்லெல்லாம் பனி. அக்கா வெள்ளைக் கவுனில் சேறு படாமல் இருக்க ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள், மறு கையில் பென்சில் டப்பா. பாறைக்குக் கிட்டே போகும்போதே புகை வாசம் வந்தது. பச்சை விறகு, சாம்பிராணி, சேவல் ரத்தம். பொங்கல் பொங்கி வழிந்திருந்தது. புகை கலையாமல் பாறையை ஒட்டியே மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணி மகள் அல்லவா, விலகி வழிவிட்டார்கள்.

அப்பா அக்காவின் நெற்றியில் திருநீறு பூசினார். "போயி நல்லா எழுது" என்றார். அக்கா குனிந்து அவர் காலைத் தொட்டாள். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் போடவேண்டிய சீன வெடிச் சரத்தை அப்போதே எடுத்துக் கொளுத்தினார்.

வெடி முடிந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. மேலிருந்து வேறொரு சத்தம் வந்தது. யாரோ "குளவி!" என்று கத்தினார்கள். ஆளாளுக்குத் தேயிலைக்குள் விழுந்தார்கள். அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து, கைக்கெட்டிய தூரத்தில் நின்ற என்மேல் போட்டு, என்னை மண்ணோடு அமுக்கிக்கொண்டார். சாக்குக்குள் இருட்டு, வேர்வை நாற்றம். "அக்கா! அக்கா!" என்று கத்தினேன். அக்காவுக்குக் குனிந்து படுக்கத் தோன்றவில்லை. மேலே, ரோட்டைப் பார்த்து ஓடியிருக்கிறாள். பரீட்சைக்குப் போகிற திசையில்.

அவளைத் தூக்கி வந்தபோது முகம் அவள் முகமாக இல்லை. கண் இரண்டும் மூடிக்கொண்டன, உதடு தடித்துவிட்டது. தோட்டத்து டாக்டரையா லீவில் போயிருந்தார். லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. கொட்டு வாங்காத ஆள் என்று இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு கிழவரைக் கம்பளியில் கட்டித் தூக்கிப் போனார்கள். அப்பா எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஓடினார். சைக்கிளோடு வந்தார்.

அக்காவைக் கேரியரில் உட்காரவைத்து, அம்மாவின் சேலையால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். அம்மா ஒரு பக்கம் பிடிக்க, அப்பா தள்ளினார். அவர் உடம்பிலும் கொட்டு இருந்தது, கழுத்து வீங்கியிருந்தது. நான் பின்னால் கைவைத்துத் தள்ளினேன், எப்போதும் போல. ரோட்டு முடக்கு ஒவ்வொன்றும் முடியவே முடியாதது போல இருந்தது. பாதி வழியில் அக்கா ஏதோ சொன்னாள். அம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"நேரமாச்சாம்மா? மணி அடிச்சிருவாங்க."

"இல்லடி தங்கம், இன்னும் இருக்கு" என்றாள் அம்மா.

உச்சியில் என் கால் மடிந்துவிட்டது. எனக்கும் இரண்டு கொட்டு விழுந்திருந்தது, உடம்பு கொதித்தது. என்னை அங்கேயே ரோட்டோரம் உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் இறங்கினார்கள். சைக்கிள் விடத் தெரிந்தவர் யாராவது இருந்திருந்தால் அந்த இறக்கத்துக்குச் செயினும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம், டவுனில் போய் நிற்கலாம். அப்பாவுக்கு விடத் தெரியாது. பிரேக்கை அமுக்கியபடி, ஒவ்வொரு அடியாக நடந்தே இறங்கினார். பனி அவர்களை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் போய் அவிழ்த்தபோது அக்கா இல்லை. எந்த முடக்கில் உயிர் போனது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

கிழவர் பிழைத்துக்கொண்டார். அடக்கம் முடிந்த கையோடு பேச்சு ஆரம்பித்தது. "கொமரிப் புள்ள கவ்வாத்துச்சாமிகிட்ட போனா சும்மா விடுமா?" "படிச்ச திமிரு, சாமியப் பாக்க வந்துருச்சு." "அதால எல்லாரும் கொட்டு வாங்குனாங்க." அவள் தானாகவே வந்தாள் என்று எப்படியோ முடிவாகிவிட்டது. அப்பா திருத்தவில்லை. தாடியும் வேட்டியுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். சின்னப் பிள்ளை, அப்படித்தான் நினைப்பேன்.

நான் அம்மாவிடம் சொன்னேன். "அப்பாதாம்மா வரச் சொன்னாரு. அடுப்படியில வச்சு சொன்னாரு." அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எனக்குத் தெரியும்டி. பொம்பளயக் கூப்பிட்டு சாமிக் குத்தம் பண்ணிட்டான்னு வெளிய தெரிஞ்சா கங்காணி வேல போயிரும். லயத்துல ஒரு சனம் நம்ம கூட பேசாது. வாய மூடிக்க." அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. விளங்குவதால் ஆறிவிடுகிறதா என்ன?

காரியத்தன்று எங்கள் வாசலில் சனம் நிறைந்திருந்தது. சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. தோட்டத் தலைவர் எழுந்து நின்றார். நடந்தது நடந்துபோச்சு, இனிமேல் இப்படி நடக்கக்கூடாது என்று ஆரம்பித்தார். "இனிமே நம்ம தோட்டத்துக் கொமருங்க யாரும் அந்த மலயத் தாண்ட வேணாம். இங்க இருக்கிற பள்ளிக்கூடம் போதும். என்னா சொல்றீங்க கங்காணி? நீங்கதான் சொல்லணும்."

எனக்கு அடுத்த வருஷம் டவுன் பள்ளிக்கூடம். அக்காவின் பழைய கவுனை அம்மா எனக்காகப் பிடித்துத் தைத்திருந்தாள். நான் எழுந்துவிட்டேன். இலைக்கு நடுவில் நின்றுகொண்டு, "அக்கா தானா வரல. அப்பாதான் வரச் சொன்னாரு. எனக்குத் தெரியும்" என்று சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சுவது போலத்தான் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்துத் திரும்பினார்.

"கொட்டு வாங்குனதுல இருந்து புள்ள காய்ச்சல்ல பெனாத்துதுங்க. நீங்க சொன்னபடியே செய்வோம்."

எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகியிருந்தது. அம்மா வந்து கையைப் பிடித்து என்னை உள்ளே இழுத்துப் போனாள். வெளியே யாரோ ரசம் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் லயத்திலிருந்து ஒரு பெண்கூட அந்த மலையைத் தாண்டிப் படிக்கப் போகவில்லை. எனக்கு வயது வந்ததும் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தார்கள். முதல் நாள் காலையில் கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து, என் தலைக்கு அளவு பார்த்துக் கயிறு கட்டிக் கொடுத்தவர் அப்பாதான். நெற்றியில் அறுக்காமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றி, இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி கட்டி, "வலிக்குதா தாயி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.